இரண்டு பிடி மண்

மேல்மலைப் பண்ணையில் பார்லி அறுப்பு தொடங்குகிற நாளன்று ஒரு கூத்து நடக்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்து வயிறெரிவார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் நாலு பக்கமும் ஓர வரிசையை முதலில் அறுப்பார்கள். பாத்தியிலேயே கொழுத்த பயிர் அதுதான். கதிர் கனத்துத் தொங்கும். அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். தராசுப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். அதற்கப்புறம்தான் நடுவில் நிற்கிற பயிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவது.

விதை ஆராய்ச்சி செய்கிற எல்லா இடத்திலும் உள்ள சட்டம்தான் இது. மற்ற இடங்களில் யாரும் பார்க்காதபோது ஓரத்துக் கதிர் ஒன்றிரண்டு தராசுக்குத் தாவிவிடும். குழல்மொழியம்மாள் இருக்கிற பண்ணையில் தாவாது.

அம்மாள் இந்த மலைக்கு அதிகாரியாக வந்தபோது வயது முப்பத்தொன்று. வேதமாணிக்கம் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவருக்கு நாற்பத்திமூன்று. முதல் அறுப்பில் அவர்தான் வாயைத் திறந்தார்.

“நல்ல கதிரை எல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டு நோஞ்சானை எடை போடுறீங்களேம்மா, இது எந்த ஊரு நியாயம்?”

ஓரத்தில் ஒரு செடி, நடுவில் ஒரு செடி, வேரோடு பிடுங்கி வரச் சொன்னார் அம்மாள். பிடுங்கி வந்தார். ஓரத்துச் செடி மற்றதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

“ரெண்டும் என்ன விதைண்ணே?”

“ஒரே விதைதான். நான்தானே போட்டேன்.”

“அப்புறம் ஏன் இது மட்டும் கொழுத்திருக்கு?”

வேதமாணிக்கம் யோசித்தார். ஓரத்துச் செடிக்கு ஒரு பக்கம் நடைபாதை. வெயிலிலும் தண்ணியிலும் அந்தப் பக்கத்திலிருந்து பங்கு கேட்க ஆளில்லை. அதைச் சொன்னார்.

“ஒரு விவசாயி காட்டுல ஓரம் எவ்வளவு இருக்கும்?”

“கொஞ்சம்தான்.”

“மிச்சம்?”

“எல்லாம் நடுதான்மா.”

அம்மாள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். வேதமாணிக்கம் அந்த இரண்டு செடியையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்றிலிருந்து அவர் சீடர். மாலை, தட்சிணை ஒன்றும் கிடையாது. மறுநாள் ஒரு சின்ன இடுக்கியைக் கையில் கொடுத்தார் அம்மாள், அவ்வளவுதான்.

அந்த இடுக்கியை வைத்து பார்லிப் பூவைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு பூவுக்குள் மூன்று மகரந்தப் பை, கடுகில் பாதிகூட இருக்காது. அது வெடிப்பதற்கு முன்னால் மூன்றையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொண்டு, கலப்பு பொய்யாகிவிடும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் அது. முதல் வருஷம் முழுக்கப் பூவை நசுக்கினார். இரண்டாம் வருஷம் பாதியை நசுக்கினார். மூன்றாம் வருஷம் அம்மாளே அவர் கையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டார் என்று சொல்வார்கள்.

பிறகு ஒரு நாள், பண்ணைக் கோடியில் யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, இது உங்களுக்கு, என்ன தோணுதோ கலந்து பாருங்கள் என்றார் அம்மாள். அந்தத் துண்டு நிலத்திலிருந்து பிறந்ததுதான் நாற்பத்தேழாம் எண் கலப்பு. வருஷத்துக்கு ஒரு தலைமுறை. பத்து வருஷம் விதைத்து, கழித்து, மறுபடி விதைத்து, அதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். குட்டைத் தாள், காற்றுக்குச் சாயாது. கதிர் நீளம். மணி பருமன். அவருடைய மகள் கல்யாணத்தன்றுகூட காலையில் அந்தப் பாத்தியை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார். வீட்டில் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை.

பண்ணையில் நன்றாக விளைந்தால் போதாது. ஊர்க்காட்டில் விளைய வேண்டும். மலைமேல் ஐந்து ஊர்களில் ஆளுக்கொரு விவசாயியிடம் விதை கொடுத்தார்கள். ஒரு பாத்தியில் நாற்பத்தேழு, அதை ஒட்டி அடுத்த பாத்தியில் ஊரில் காலங்காலமாகப் போடுகிற நாட்டு பார்லி. ஒரே நிலம், ஒரே தண்ணீர், ஒரே நாளில் விதைப்பு. வேதமாணிக்கமே ஐந்து ஊருக்கும் போய்க் குச்சி அடித்து இடம் காட்டிவிட்டு வந்தார். பிறகு மலைப்பாதை சரிந்து இரண்டு மாதம் பஸ் ஓடவில்லை. இடையில் யாரும் போய்ப் பார்க்கவில்லை, அறுப்பு முடிந்து எடைத்தாள்தான் வந்து சேர்ந்தது.

நாலு ஊரில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதிலும் ஒரு ஊரில் நாற்பத்தேழு கொஞ்சம் கீழேகூட. ஆனால் ஐந்தாவது ஊரான மஞ்சம்பாறையில், அடேயப்பா, நாற்பத்தேழு இரண்டு மடங்கு. சடையாண்டி என்கிற விவசாயியின் காடு அது. ஐந்தையும் கூட்டிச் சராசரி போட்டால் நாற்பத்தேழு நாட்டு விதையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கீழ்நாட்டில் புது ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழு இரண்டு வாரத்தில் கூடுவதாக இருந்தது. விண்ணப்பத் தாளில் ‘உருவாக்கியவர்’ என்று ஓர் இடம் உண்டு. மற்ற அதிகாரிகள் அங்கே தங்கள் பெயரை எழுதி, அடியில் மச்சானுக்கும் இடம் போடுவார்கள். அம்மாள் பேனாவை எடுத்து, வேதமாணிக்கத்தின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதினார். தன் பெயரை எழுதவில்லை. தண்ணீர் பாய்ச்ச வந்த மனுஷன் அதைப் படித்துவிட்டு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

வந்தபோது அம்மாள் எடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு ஊர்ல தட்டுத்தடுமாறி ஓடுது. அஞ்சாவது ஊர்ல மட்டும் பறக்குதே. ஏன்ணே?”

“சடையாண்டி நல்ல விவசாயிம்மா.”

“நல்ல விவசாயின்னா ரெண்டு பாத்தியிலயும்ல கூடணும்?”

அம்மாள் இரண்டு காகிதப் பையை எடுத்து நீட்டினார். மஞ்சம்பாறைக்கு ஒரு எட்டுப் போய், ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து வாருங்கள், மண் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் போனார். சடையாண்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். காட்டுக்குக் கூட்டிப்போனார். குச்சி அடித்துக் கொடுத்த இடத்தில் ஒன்றுமே விதைத்த அடையாளம் இல்லை. சடையாண்டி அதைத் தாண்டி நடந்து, ஓடையோரம் ஒரு கருப்பு நிலத்தில் நின்றார். ஆட்டுக்கிடை போட்ட நிலம். இருநூறு ஆடு ஒரு மாதம் படுத்துப் போட்ட எரு, புழுக்கை இன்னும் மண்ணில் கிடந்தது. கால் வைத்தால் உள்ளே இறங்கியது.

“உங்க விதை இங்கதான் சார் போட்டோம்.”

வேதமாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். “நாட்டு விதை?”

சடையாண்டி மேட்டைக் காட்டினார். சிவப்பு மண், அதுவும் ஒரு சாண்தான், அதற்குக் கீழே பாறை. ஊரில் கல்லுக்காடு என்று சொல்வார்கள்.

“பக்கத்துப் பக்கத்துல போடணும்னு குச்சி அடிச்சுக் குடுத்துட்டுப் போனேனே.”

சடையாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. மெல்லச் சொன்னார்.

“ஊருக்கு வந்த விதை சார். விருந்தாளி மாதிரி. வீட்டு ஆளுக்கும் விருந்தாளிக்கும் ஒரே மாதிரி இலை போட்டா நல்லாவா இருக்கும்? எங்க விதைக்கு என்ன, எங்க வேணா கிடந்துக்கும்.”

அந்த மலையில் அப்படித்தான். வந்தவனுக்கு நல்ல பாய், வீட்டுக்காரனுக்குத் தரை. விதை வந்தாலும் அதே மரியாதைதான் என்று எந்த ஆராய்ச்சிக்காரனுக்குத் தோன்றும்? சடையாண்டி ஒன்றையும் மறைக்கவில்லை. எடைத்தாளில் நிலத்தைப் பற்றி எழுத இடம் இல்லை, அவர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வேதமாணிக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். சடையாண்டியின் மனைவி நாட்டு பார்லிக் கஞ்சியில் மோர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். ஒரு சாண் மண்ணில் நின்று, கிடைநிலத்து விளைச்சலில் பாதியைக் கொடுத்திருக்கிறது அந்த நாட்டு விதை. இதே விதையைக் கருப்பு மண்ணில் போட்டிருந்தால்? நாற்பத்தேழைக் கல்லில் போட்டிருந்தால்? பத்து வருஷம் செடியோடு பேசிக் கிடந்தவருக்கு இரண்டுக்கும் விடை தெரியாதா என்ன? நன்றாகவே தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் மஞ்சம்பாறைக் கணக்கு தள்ளுபடியாகிவிடும். அது போனால் சராசரி போச்சு. மறுபடி ஐந்து ஊர்ச் சோதனை, மறுபடி குழு, எப்படியும் மூன்று வருஷம். அவருக்கு ஓய்வு பெறப் பதினாலு மாதம்தான் பாக்கி. அதற்கப்புறம் தாளில் அவர் பெயர் இருக்குமா, புதிதாக வருகிற ஏதாவது ஒரு தம்பியின் பெயர் இருக்குமா? இப்படியெல்லாம் ஓடியது மனசு. நாலு ஊரில் சமமாகத்தானே நிற்கிறது, கெட்ட விதையில்லையே, யாருக்கு என்ன குடி முழுகிப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கருப்பு நிலத்தில் ஒரு பிடி அள்ளி முதல் பையில் போட்டார். இரண்டாவது பையோடு மேட்டைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போனார். நின்றார். திரும்பி வந்து, அதே கருப்பு நிலத்தின் மறுகோடியில் குனிந்து இன்னொரு பிடி அள்ளினார். சடையாண்டி பார்த்துக்கொண்டுதான் நின்றார். பெரியவர்கள் ஏதோ காரணமாகத்தான் செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பண்ணையில் அம்மாள் இரண்டு பையையும் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரெண்டு பாத்தியிலயும் எடுத்ததுதானேண்ணே?”

“ஆமாம்மா.”

பதினாலு வருஷத்தில் அவர் அம்மாளிடம் சொன்ன முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. இரண்டு மண்ணுக்கும் வித்தியாசம் இல்லை, ஒரே தரம், ஒரே சத்து. அந்த அறிக்கையில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது பாருங்கள். அம்மாள் அதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். பறிகொடுத்த முகத்தோடு போய் நின்றார் வேதமாணிக்கம்.

“சந்தேகப்பட்டுட்டேன்ணே. மனசுல வச்சுக்காதீங்க” என்றார் அம்மாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. சொல்லவில்லை.

குழு ஏற்றுக்கொண்டது. எந்த ஊரில் அதிகம் விளைந்ததோ அந்த ஊரின் பெயரையே வைக்கலாம் என்று அம்மாள்தான் சொன்னார். மஞ்சம்பாறை ஒன்று. சடையாண்டி அந்தப் பெயர் அச்சடித்த விதைப்பையை மடித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வேதமாணிக்கத்துக்கு ஓய்வு நாளில் சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் விதைப்புக்கும் அறுப்புக்கும் பண்ணைக்கு வந்துவிடுவார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை அவருக்கு.

இரண்டு வருஷம் நல்ல மழை. கீழிருந்து ஆட்டுமந்தைகள் வந்து ஊர் ஊராகக் கிடை போட்டன. மஞ்சம்பாறை ஒன்று பொன்னாக விளைந்தது. ஐந்து ஊரும் அதற்கு மாறியது. நாட்டு விதையை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. இனி எதற்கு என்று குதிரில் கிடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். அப்படித்தான் முடிந்தது அது.

மூன்றாம் வருஷம் மழை ஏய்த்தது. மேலே புல் இல்லை என்று மந்தைக்காரர்கள் ஏறி வரவில்லை. கிடையும் இல்லை, ஈரமும் இல்லை. கருப்பு நிலம் வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோ. மற்றதெல்லாம் கல்லுக்காடுதான்.

பண்ணையில் அறுப்பு தொடங்கிய அன்று நடுப்பகலில் சடையாண்டி வந்தார். இளைத்துப் போயிருந்தார். துண்டில் சுற்றியிருந்த கதிர்க்கட்டை எடுத்து அம்மாள் முன்னால் வைத்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத தாள். கதிரை நசுக்கினால் உமிதான் உதிர்ந்தது. அம்மாள் பக்கத்தில் வேதமாணிக்கம் எடைக்குறிப்புப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து ஊரிலும் இதே கதிதான் என்றார் சடையாண்டி. இரண்டு மருமகள்களும் கீழே மில் வேலைக்கு இறங்கிவிட்டார்கள், பேரப்பிள்ளைகளும் கூடவே போய்விட்டார்கள், வீட்டில் தானும் மனைவியும்தான் என்றார். யாரையும் குறை சொல்ல அவர் வரவில்லை.

“தப்பு எங்க மேலதாம்மா. அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன், உங்க விதையைக் கிடை போட்ட நிலத்துல போட்டேன், எங்க விதையைக் கல்லுக்காட்டுல போட்டேன்னு. அவர் எல்லாம் பார்த்துட்டுத்தான் மண்ணு எடுத்துட்டு வந்தாரு. கிடை இல்லாத வருஷம் இதைப் போட்டது எங்க புத்திதான்.”

அறுக்கிற பெண்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அம்மாள் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். அவரோ குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாட்டு விதை ஒரு படி கிடைக்குமா என்று சடையாண்டி கேட்டார். பண்ணையில் அது எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வருஷமும் ஊர்க்காரர்களிடமிருந்துதானே வாங்கிக்கொள்வார்கள். அம்மாள் உள்ளே போய் அலமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் வெகுநேரம் வந்தது. கடைசியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு வந்தார். ஐந்தூர்ச் சோதனை வருஷத்தில் மாதிரிக்கு எடுத்து வைத்தது. உள்ளே ஒரு பிடி இருந்தது.

அந்த ஒரு பிடியையும் சடையாண்டியின் துண்டு முனையில் கொட்டி, அம்மாளே முடிந்துகொடுத்தார். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஊருக்கும் போதுமான விதையாக அது பெருகுவதற்கு நாலைந்து வருஷம் ஆகும், அதுவும் முளைத்தால். அதை மறைக்காமல் சொன்னார். சடையாண்டிக்குச் சோறு போட்டு, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார்.

வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார். ஓர வரிசையைத் தானே அறுத்தார். அறுத்ததை அள்ளி மாட்டுக்குப் போட்டார். மறுபடி அடுத்த பாத்தி. வேதமாணிக்கம் வரப்பில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தார். இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டால்கூடப் போய்விடலாம். அம்மாள் அறுத்துக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்தது. பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

வேதமாணிக்கத்துக்குத் தாங்கவில்லை. குற்றம் செய்தவனுக்குக் கடைசியில் ஒரு கோபம் வரும் இல்லையா, அது வந்தது.

“சொல்லியிருந்தா என் விதை போயிருக்கும்மா.”

அம்மாள் நிமிராமல் சொன்னார்.

“போயிருக்காது. கிடை போட்ட நிலத்துக்கு மட்டும்னு ஒரு வரி சேர்த்திருப்பேன். கல்லுக்காட்டுக்குப் பழைய விதையே இருக்கட்டும்னு இன்னொரு வரி. உங்க பேர் அப்படியேதான் இருந்திருக்கும்.”

வேதமாணிக்கம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வரி. இரண்டே வரி. மூன்று வருஷமாக அவர் தூக்கம் கெட்டது அதற்காகத்தானா? அந்த வேதனையிலும் கோபம் முழுசாக இறங்கவில்லை. பாதிப் பழியையாவது இறக்கி வைக்க இடம் தேடியது அது.

“ஒரு கதிரைக்கூட மூணு தடவை எடை போடுவீங்க. தராசையே நம்ப மாட்டீங்க. அந்த மண்ணு விஷயத்துல மட்டும் ஏம்மா நேர்ல வந்து பார்க்கல? ரெண்டு மணி நேரப் பஸ்தானே?”

அம்மாள் அறுப்பதை நிறுத்தினார். கையில் ஓர வரிசையின் கடைசிப் பிடி இருந்தது, கதிர் கனத்து. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டுக்குப் போகிற குவியலில் போட்டார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“ஓர வரிசையைத்தான் நான் நம்ப மாட்டேன். உங்களை நடு வரிசைன்னு நினைச்சிருந்தேன்ணே.”